சூடு என்று சொல்லுங்கள்

சாலையோரப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடப்பது எங்கள் பழைய வழக்கம். ஒற்றுப்பிழைகளைப் பொறுக்கியெடுத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து சிரிப்பதற்காகத் தொடங்கியது அது. இப்போதெல்லாம் எங்களைத் தடுத்து நிறுத்துபவை பிழையே இல்லாத பலகைகள்தாம். சேலம் நகரிலும், அதற்குத் தெற்கே ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று விரியும் சமவெளி ஊர்களிலும் பல அழகு நிலையங்களின் வாசலில் ஏறக்குறைய ஒரே வாசகம் தொங்குகிறது: வலியில்லை, தழும்பில்லை, பக்க விளைவில்லை, லேசர் முறையில் நிரந்தர முடி நீக்கம். இலக்கணப்படி குற்றமற்ற வாசகம். பொருளை எடுத்துக்கொண்டால் நான்கு பொய்கள். உள்ளே இருக்கும் கருவி லேசரே இல்லாத இடங்களில் ஐந்து.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரை லேசருக்கு எதிரானது அன்று. பிறவியிலேயே முகத்தில் படர்ந்த செந்நிறக் குறிகளை அது மங்கச் செய்திருக்கிறது. விழித்திரை நோயில் பார்வையைக் காத்திருக்கிறது. எங்கள் சண்டை அந்தப் பலகையோடு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், அந்தப் பலகையில் இல்லாத ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல் 'சூடு'. அதை எழுதாமல் விட்டவர்களில் அழகு நிலையத்தாரோடு கலைச்சொல் ஆக்குபவர்களும், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் அறிவியல் எழுதுபவர்களும், எங்களைப் போன்ற இலக்கியவாதிகளும் உண்டு என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

*

எங்கள் நண்பர் ஒருவருடைய அக்கா மகள். ராசிபுரத்துப் பக்கம் தறி ஓட்டும் குடும்பம். தை மாதத்தில் திருமணம் என்று முடிவாகியிருந்தது. தாடையிலும் கன்னத்தோரத்திலும் முடி வளர்வது பதினேழு வயதிலிருந்து அவளுக்கு இருந்த துயரம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டறிந்த உறவினர்களைவிட, கேட்காமலே சிரித்த உறவினர்கள் அதிகம். கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, நூல் போட்டுப் பிடுங்குவது எல்லாம் பார்த்தாயிற்று. கார்த்திகையில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனாள். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நிலையத்தைப் பற்றிய கட்டுரை அன்று இது.

படுக்கவைத்துக் கண்ணை மூடிவிட்டு, "ஒண்ணும் ஆகாது கண்ணு, லேசர்னா லேசாத்தான் இருக்கும்" என்று கருவியை இயக்கிய பெண் சொன்னாராம். தமிழில் இந்தச் சிலேடை தானாகவே அமைந்துவிட்டது; ஆங்கிலேயனுக்குக் கிடைக்காத சௌகரியம். "எரியுதுங்கக்கா" என்று இவள் சொன்னபோது, "மொத தடவ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க" என்று பதில் வந்தது. மாலைக்குள் கொப்புளங்கள் எழுந்தன. பத்து நாளில் தாடையிலிருந்து காதோரம் வரை பழுப்பு நிறத்தில் சிறுசிறு செவ்வகங்கள் வரிசையாக நின்றன, கட்டம் போட்ட துண்டைப்போல. கருவியின் முனை என்ன அளவோ அதே அளவு. மார்கழிக் கடைசியில் அவற்றில் சில வெளிறி வெள்ளையாயின. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பெரியம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அது வெண்குஷ்டமுங்களா?"

நிலையத்துக்குப் போய்க் கேட்ட நண்பருக்குக் கிடைத்த விளக்கம் இன்னும் முக்கியமானது. "உங்க பொண்ணுக்குத் தோல் கருப்புங்க. அதனாலதான் இப்படி ஆயிருச்சு." தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் சொன்ன இந்த வாக்கியத்தையே நாங்கள் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்கிறோம். இச்சமவெளியில் கருப்பாக இல்லாத தோல் எத்தனை பேருக்கு? கருப்பனாருக்குக் கிடா வெட்டும் ஊரில் கடை விரித்துவிட்டு, வருகிறவர்கள் கருப்பாயிருக்கிறார்கள் என்று காரணம் சொல்வது, மீன் சந்தையில் கடை போட்டுவிட்டு வாடை வருகிறது என்று முறையிடுவதற்குச் சமம்.

*

சொற்களிலிருந்து தொடங்குகிறோம், எங்களுக்குத் தெரிந்த இடம் அதுதான் என்பதால்.

லேசர் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான பெயர். கடைசி எழுத்து எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதைத் தமிழில் கதிர்வீச்சு என்கிறோம். கதிர் நல்ல பழஞ்சொல். வயலில் நெற்கதிர், வானத்தில் கதிரவன், பள்ளிபாளையத்து நூற்பாலையில் நூல் சுற்றும் கதிர். ஆனால் கதிர்வீச்சு என்ற கூட்டுச்சொல் நம் காதில் விழும்போது நினைவுக்கு வருவது செர்னோபில், கல்பாக்கம், எக்ஸ்ரே அறையின் வாசலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை. ஆகவே அந்தப் பெண்ணின் தாய் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "புற்று கிற்று வராதுங்களே?" என்பதுதான். வராது என்று உறுதியாகச் சொன்னார்கள். சொன்னது சரி. முடி நீக்கும் கருவிகள் உமிழும் ஒளி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வகையைச் சேர்ந்ததன்று. எக்ஸ்ரேயும் காமா கதிரும் மரபணுவைச் சிதைக்கும் விதத்தில் அது சிதைப்பதில்லை. தவறான கேள்விக்குக் கிடைத்த சரியான பதில் அது. அந்தப் பதிலோடு தாயின் அச்சம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படவே இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்விக்குரிய சொல்லை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

இதற்கு மறுபக்கம் நம் கலைச்சொல் அறிஞர்கள் ஆக்கித் தந்த 'சீரொளி'. அலைகள் எல்லாம் அடி பிசகாமல் ஒன்றாக நடைபோடும் ஒளி என்ற இயற்பியல் பொருளில் அது பிழையற்ற ஆக்கம். காதுக்கும் இனிமையானது. ஆனால் சீரும் ஒளியும் சேர்ந்த ஒரு சொல்லைக் கேட்டு யாராவது முகத்தைப் பின்னுக்கு இழுப்பார்களா? சீர்வரிசையும் விளக்கொளியும் அல்லவா நினைவுக்கு வருகின்றன? ஒரு பக்கம் அணுகுண்டு. மறுபக்கம் கார்த்திகை தீபம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எளிய உண்மையைச் சொல்ல நம்மிடம் இரண்டெழுத்துச் சொல் ஒன்று ஏற்கெனவே உண்டு.

மஞ்சள் காமாலைக்கும் வயிற்று வலிக்கும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடும் வழக்கம் இப்பக்கத்தில் நெடுங்காலமாக இருந்தது. முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது நோயைக் குணமாக்காது. பச்சைக் குழந்தைகளைக் கொன்றும் இருக்கிறது. அதை ஆதரிக்கும் எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை. ஆனால் அந்தப் பண்டுவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தாம் செய்வது சூடு என்று அவர் சொன்னார். கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. படித்த நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு குளிரூட்டப்பட்ட அறைக்குள் படுத்து, பணம் கொடுத்து, பெயர் மாற்றி வைக்கப்பட்ட சூட்டைப் போட்டுக்கொள்கிறோம்.

*

பெயர் மாற்றம் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு இயற்பியலைக் கொஞ்சம் விவரித்தாக வேண்டும். இலக்கிய வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். சண்டையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஒளி தன்னளவில் சுடுவதில்லை. ஒன்றின்மேல் பட்டு உறிஞ்சப்படும்போதுதான் அது வெப்பமாக மாறுகிறது. தோலில் ஒளியை உறிஞ்சுபவை முக்கியமாக மூன்று: நிறத்தைத் தரும் மெலனின், இரத்தத்தின் ஹீமோகுளோபின், நீர். எந்த அலைநீளத்தை எது உறிஞ்சும் என்பது வேறுபடும். முடி நீக்கும் கருவி மெலனினைக் குறிவைக்கிறது. முடித்தண்டில் இருக்கும் மெலனின் ஒளியைக் குடித்துக் கொதிக்க வேண்டும். அந்தக் கொதிப்பு வேர்ப்பையிலுள்ள வளர்ச்சி உயிரணுக்களுக்குப் பரவி அவற்றை வேகவைத்து அழிக்க வேண்டும். முடி நீங்குவது இப்படித்தான். சூட்டைப் பக்க விளைவு என்று அழைப்பது இதனால்தான் ஏமாற்று. அந்தச் சிகிச்சை முழுவதுமே சூடு. எங்கே சுட வேண்டும், எங்கே சுடக் கூடாது என்பது மட்டுமே திறமை.

சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் தோலின் மேற்படலத்திலும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அந்தப் படலத்தைக் கடந்துதான் ஒளி வேருக்குப் போயாக வேண்டும். வெளிறிய தோலில் வழி காலியாக இருக்கும். நம் தோலில் வழி முழுக்க மெலனின் நிற்கும். வேருக்கு என்று அனுப்பிய ஒளியை வாசலிலேயே வாங்கிக்கொள்ளும். வாசல் தீப்பற்றும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. 1983-ஆம் ஆண்டு ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அந்த வழியைக் காட்டியது. சின்னப் பொருள் சீக்கிரம் ஆறும். பெரிய பொருள் மெதுவாக ஆறும். அப்பளத்தை எடுத்த மறுகணம் கடிக்கலாம். போண்டாவைக் கடித்தால் நாக்கு வெந்துபோகும். மேற்படலம் அப்பளம், அது சில மில்லி விநாடிகளில் ஆறிவிடும். முடியின் வேர்ப்பை போண்டா. அது ஆறப் பல பத்து மில்லி விநாடிகள் ஆகும். ஒளித்துடிப்பின் கால அளவை இந்த இரண்டுக்கும் இடையில் வைத்தால், படலம் வாங்கிய சூட்டை உடனுக்குடன் விட்டுவிடும், வேர் விட முடியாமல் வேகும். இதோடு மேற்பரப்பைக் குளிரச் செய்யும் ஏற்பாடும் வேண்டும். கருவியை இயக்குபவரின் வேலை முழுவதும் இந்த மில்லி விநாடிக் கணக்கில் அடங்கியிருக்கிறது. கால அளவைக் குறைத்தால், ஆற்றலைக் கூட்டினால், குளிர்விப்பான் நின்றுபோனால், ஒரே இடத்தில் இரண்டு முறை அடுத்தடுத்துச் சுட்டால், அப்பளம் கருகும்.

எவ்வளவு சூட்டில் கருகும்? இதற்கும் விடை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் செய்த ஆய்வு, தீப்புண்ணைப் பற்றிய நம் அறிவுக்கு இன்றும் அடித்தளம். தோலின் மேற்பரப்பு 44 டிகிரி செல்சியஸில் இருந்தால் மீளாத சேதம் உண்டாக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 70 டிகிரியில் ஒரு விநாடிகூட வேண்டாம். நம் உடல் 37 டிகிரி. ஆகப் பாதுகாப்பான எல்லைக்கும் நமக்கும் இடையே உள்ள இடைவெளி ஏழு டிகிரிதான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அவகாசம் வேகமாகச் சுருங்குகிறது. 60 டிகிரியைத் தாண்டிச் சில விநாடிகள் நின்றாலே போதும், தோலின் புரதங்கள் முறுக்கு அவிழ்ந்து உறைந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு உறையத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க எந்தக் களிம்பாலும் ஆகாது.

*

இப்போது கருப்புத் தோல் என்ற அந்தச் சாக்குக்கு வருவோம்.

கருத்தவருக்கும் வெளுத்தவருக்கும் மெலனினைச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமித் துகள்களின் அளவும் பரவலும்தான் வேறு. இந்த வேறுபாட்டைக் கணக்கிட மருத்துவ உலகம் பயன்படுத்தும் அளவுகோலை 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்தார். வெயிலில் நின்றால் சிவக்குமா, பழுக்குமா என்பதை வைத்து நான்கு வகை. நான்குமே வெள்ளைத் தோல். பழுப்புக்கும் கருப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்க்கப்பட்டவை. 1988-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஆறும் இடம்பெறுகின்றன. உலகின் பெரும்பான்மையான மனிதர்கள் ஓர் அளவுகோலுக்குள் பின்னிணைப்பாக நுழைந்தார்கள். நம்மில் மிகப் பலரும் நான்காம் வகையிலும் ஐந்தாம் வகையிலும் விழுவோம்.

கருவிகளின் கதையும் இதுவே. தியோடர் மைமன் 1960-இல் ஒளிரச் செய்த முதல் லேசர் மாணிக்கக் கல்லைக் கொண்டது. அலைநீளம் 694 நானோமீட்டர். சில ஆண்டுகளிலேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் பாய்ச்சிப் பார்த்து, நிறமி மிகுந்த இடமே அதிகம் சேதமாகிறது என்பதை 1963-இல் எழுதிவைத்தார். 1990-களில் முடி நீக்கத்துக்கு வந்த முதற்கருவிகளிலும் அதே மாணிக்க லேசர் இருந்தது. வெள்ளைத் தோலில் கருப்பு முடிக்கு அது பொருத்தம். நமக்கு அது கொள்ளி. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரில் மெலனின் வாங்கிக்கொள்ளும் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே 1064 நானோமீட்டர் யாக் லேசரில் வாங்கும். ஆகவே கருத்த தோலுக்கு இந்த நீண்ட அலைநீளமும், நீண்ட துடிப்பும், குறைந்த ஆற்றலும், நல்ல குளிர்விப்பும் என்பது தோல் மருத்துவத்தில் பாடநூல் அறிவு. புதிதும் அன்று, இரகசியமும் அன்று. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் லேசர் முடி குறைப்புக்கான வழிகாட்டு நெறிகளை 2008-இலேயே வெளியிட்டுவிட்டது. அதன் தலைப்பில்கூட 'குறைப்பு' என்றுதான் இருக்கிறது. பலகையில்தான் 'நிரந்தர நீக்கம்'.

அந்த ஐந்தாவது பொய்யையும் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் லேசர் என்று காட்டப்படுவது உண்மையில் பளீரென்று மின்னும் ஒரு விளக்கு. ஐபிஎல் என்பார்கள், கிரிக்கெட் அன்று. ஒற்றை அலைநீளம் இல்லாமல், சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரையான கலவை ஒளி. வடிகட்டி சரியாக இல்லையென்றால் மெலனின் மிக விரும்பி உறிஞ்சும் குறுகிய அலைகளும் சேர்ந்தே வரும். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் இத்தகைய கருவிகளின் பெட்டிக்குள் தோல் நிறப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் மிகக் கருத்த கட்டத்துக்கு நேரே பயன்படுத்தாதீர் என்று பல நிறுவனங்கள் அச்சிட்டிருக்கின்றன. உற்பத்தியாளர் பயந்து அச்சிட்டதை விற்பவர் துணிந்து மறைக்கிறார்.

இதோடு எங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் சமவெளி. வண்டியில் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் முகம் மாசியில் இருந்த நிறத்தில் வைகாசியில் இருக்காது. மெலனின் கூடியிருக்கும். மாசியில் தாங்கிய அதே ஆற்றல் வைகாசியில் சுட்டுவிடும். வெயில் பட்டுப் பழுத்த தோலில் லேசர் கூடாது என்பது அடிப்படை விதி. ஆனால் ஆறு முறைக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிவிட்ட நிலையம், வெயில் தணியட்டும், ஐப்பசியில் வாருங்கள் என்று சொல்லுமா?

*

மரு, மச்சம், பச்சை என்று மற்றவற்றின் கதையும் இதுதான். மரு எடுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் பாராமதியில் பிறந்த இந்தியரான குமார் படேல். பெருமைதான். அதன் ஒளியை நீர் உறிஞ்சுகிறது; நீர் இல்லாத உயிரணு இல்லையாதலால் அது நிறம் பார்க்காது, தொட்ட இடத்தை ஆவியாக்கும். இராணுவத் தேர்வுக்குப் போகும் பையன்கள், விதிப்படி அனுமதியில்லாத இடத்தில் குத்திக்கொண்ட பச்சையை அவசரமாக அழிக்க வருகிறார்கள். பல வாரங்கள் இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டிய காரியம் அது. ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில், பச்சை இருந்த இடத்தில் தழும்பு மிஞ்சுகிறது. எழுத்து போய்விடும், எழுத்தின் வடிவம் தழும்பாக நிற்கும்.

தோலில் லேசர் படுவது அழகு நிலையத்தில் மட்டுமன்று. லாரிக் கூண்டு கட்டுவதிலும் ரிக் வண்டி செய்வதிலும் பேர்பெற்ற நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளின் உலகத்துக்குள் இப்போது கையில் பிடித்து வெல்டிங் செய்யும் லேசர் கருவிகள் நுழைகின்றன. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாட் ஆற்றல். ஏறக்குறைய 1080 நானோமீட்டர். கண்ணுக்கே தெரியாத ஒளி. லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்தும் பன்னாட்டு முறையில் கடைசி வகுப்பான நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பு அரை வாட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்றால் ஆயிரம் வாட்டின் பொருளை ஊகித்துக்கொள்ளலாம். தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளிகூடத் தோலைச் சுடும். சாதாரண வெல்டிங் கண்ணாடி அதற்குப் போதாது. ஒரு பட்டறையில் முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்த பையனிடம் என்னவென்று கேட்டோம். "லேசர்ல சூடு பட்டுருச்சுங்கண்ணா" என்றான்.

எங்களை நாணச் செய்த வாக்கியம் இது. எந்தக் கலைச்சொல் அகராதியையும் பார்க்காமல், அறிவியல் இணைப்பிதழ் எதையும் படிக்காமல், அந்தப் பையன் சரியான வினைச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் முதலாளியும் அதை மறைக்கவில்லை. இரும்போடு பழகியவர்களுக்குச் சூட்டைச் சூடு என்று சொல்வதில் கூச்சம் இல்லை. கூச்சம் வந்தது, அதை முகத்துக்கு விற்கத் தொடங்கியபோதுதான்.

*

மறுப்புகள் வரும். எதிர்பார்க்கக்கூடிய மூன்றுக்கு இப்போதே பதில் சொல்கிறோம்.

முதலாவது, நம் இலக்கிய நண்பர்களிடமிருந்தே வருவது: அழகு மோகத்தில் போனவள் அனுபவிக்கட்டும், நுகர்வுக் கலாச்சாரத்தின் பலி. இந்த வாதத்தின் குரூரத்தை அதைச் சொல்பவர்கள் உணர்வதில்லை. கவிதையில் கருமையைப் போற்றுவோம். பெண் பார்க்கும் படலத்தில் நிறத்தைக் கேட்போம். தாடையில் நான்கு முடி இருந்தால் மீசைக்காரி என்று பட்டம் வைப்போம். அதற்கு அஞ்சி அவள் ஒரு வாசலுக்குள் நுழைந்து வெந்து திரும்பினால், மோகம் என்று தீர்ப்பும் எழுதுவோம். அவளை அந்த வாசலுக்குத் துரத்தியவர்கள் நாம். துரத்தியவனுக்கு நீதிபதி வேடம் பொருந்தாது.

இரண்டாவது, மருத்துவம் தெரிந்தவர்களிடமிருந்து: இப்படி எழுதினால் மக்கள் நல்ல சிகிச்சைக்கும் அஞ்சி ஓடிவிடுவார்கள். அறுவை சிகிச்சை என்ற சொல்லில் அறுப்பது வெளிப்படையாக இருக்கிறது, யாரும் ஓடவில்லை. கத்தி என்று தெரிந்ததால், யார் கையில் கத்தி என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். சூடு என்று தெரிந்தால், யார் கையில் கொள்ளி என்று கேட்போம். அந்தக் கேள்வி தகுதியுள்ள மருத்துவருக்குத் தீங்கு செய்யாது. மூன்று நாள் பயிற்சியில் கருவியைப் பிடித்தவருக்குத்தான் தீங்கு.

மூன்றாவது: சட்டம் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-இல். இருபத்தோரு ஆண்டுகள். மருத்துவக் கருவிகள் அனைத்தையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் மத்திய அரசின் அறிவிப்பு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தம்மை மருத்துவமனை என்று அழைத்துக்கொள்ளாமல் அழகு நிலையம் என்று அழைத்துக்கொள்பவரிடம் இவை எந்த வேகத்தில் போய்ச் சேரும்? இங்கேயும் பெயர்தான் பிரச்சினை. சிகிச்சை என்றால் சட்டம். அழகு என்றால் சலுகை. தோலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. 70 டிகிரி இரண்டு இடத்திலும் 70 டிகிரிதான்.

*

ஆகவே நாங்கள் கேட்பது எளியது. பலகையில் ஒரு வரி சேர்க்கட்டும்: இது தோலில் சூடு வைத்துச் செய்யும் முறை, கருத்த தோலுக்கு அபாயம் அதிகம், சுட்டுவிட்டால் கரும்புள்ளியோ வெண்புள்ளியோ மாதக்கணக்கில் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இதை எழுதத் துணிபவர், தாம் செய்வதை அறிந்தவராகத்தான் இருப்பார்.

அவர்கள் எழுதும்வரை, போகிறவர்கள் கேட்கட்டும். உள்ளே தோல் மருத்துவர் இருக்கிறாரா? கருவி லேசரா, ஐபிஎல்லா? அலைநீளம் எத்தனை? என் தோல் எந்த வகை என்று பார்த்தீர்களா? காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில நாள் பொறுத்துத் தொடங்குவீர்களா? எரிகிறது என்று நான் சொன்னால் நிறுத்துவீர்களா? சுட்டுவிட்டால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டியும் பற்பசையும் மஞ்சளும் ஆகாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோல் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். இவ்வளவையும் எந்த இலக்கிய இதழும் எழுதாது என்பதால் எழுதிவைக்கிறோம்.

எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கலைச்சொல் ஆக்கும்போது பொருளின் அழகை மட்டும் பார்க்காதீர்கள். அது மனிதர்மேல் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். சீரொளி இருக்கட்டும், பாடநூலில் அதற்கு இடமுண்டு. மனிதத் தோலைத் தொடும் இடத்தில் அதற்குப் பெயர் லேசர் சூடு.

அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் திருமணம் நடந்தது. முகப்பூச்சு செவ்வகங்களை ஏறக்குறைய மறைத்திருந்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த ஒரு பெரியவர் எங்கள் நண்பரிடம், "புள்ளைக்கு மூஞ்சில என்னங்க, பத்தா?" என்று கேட்டார். நண்பர் ஒரு கணம் தயங்கினார். அலர்ஜி என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இல்லீங்க, சூடு. அழகு நிலையத்துல வச்சுட்டாங்க" என்றார். பெரியவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தம் பேத்தியைத் தேடிக்கொண்டு பந்தலுக்குள் போனார்.